வில்நாணின் ‘சர்விங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

காம்பவுண்ட் வில்லுக்கான, அதாவது இரு முனையிலும் உருளை பூட்டிய வில்லுக்கான, பராமரிப்புக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. ஒரு சொல்லில் வேலை நின்றுபோனது. நாணின் மேல் சில இடங்களில் மட்டும் வேறொரு மெல்லிய நூலை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் சர்விங். இயந்திர மொழிபெயர்ப்பில் கொடுத்தால் ‘பரிமாறும் இடத்தில் மெழுகு தடவ வேண்டாம்’ என்று வருகிறது. பந்தியில் எழுதி ஒட்டலாம்.

சிரித்துவிட்டுப் போக முடியாது. பராமரிப்பில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. வெறும் நாணுக்கு மெழுகு வேண்டும். சுற்றின் மேல் மெழுகு கூடாது. உருளைகளின் அச்சுக்கு எண்ணெய், அதுவும் எல்லா வில்லுக்கும் அல்ல. மூலத்தில் எல்லாவற்றுக்கும் ‘லூப்ரிகேட்’ என்ற ஒரே வினை. அதை ‘எண்ணெய் இடுக’ என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் எண்ணெய்க்குப்பியை எடுத்து நாணில் ஊற்றுவார்.

சுற்று இருக்கும் இடங்கள்: அம்பின் பின்பிளவு பொருந்தும் நடுப்பகுதி, கேம் எனப்படும் முனை உருளைகளின் பள்ளத்தில் படியும் முனைகள், பீப் எனப்படும் பார்வைத்துளையின் மேலும் கீழும், உருளைகளை இணைக்கும் கேபிள்கள், அவற்றை அம்பின் வழியிலிருந்து விலக்கிவைக்கும் ஒதுக்கியின் மேல் உரசும் பகுதி. இந்த நான்குக்கும் பொருந்துகிற ஒரே சொல் வேண்டும்.

மடல் 2

> சுற்றின் மேல் மெழுகு கூடாது

ஏன் கூடாது என்பது தெரிந்தால் சொல் தானாக வரும்.

இன்றைய காம்பவுண்ட் நாண் பருத்தியோ பட்டோ அல்ல. பெரும்பாலும் டைனீமா வகைப் பாலிஎத்திலீன் இழையும் வெக்ட்ரான் இழையும் கலந்தது. பரவலாகப் புழங்கும் 452எக்ஸ் என்ற நூலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டைனீமா, ஒரு பங்கு வெக்ட்ரான். அந்த நூலில் 24 இழை சேர்த்து முறுக்கினால் ஒரு நாண். வெக்ட்ரான் நீளாது, ஆனால் இழைக்கு இழை உரசினால் தேயும். மெழுகின் முதல் வேலை அந்த உரசலைக் குறைப்பது. இரண்டாவது, ஈரமும் தூசியும் உள்ளே போகாமல் தடுப்பது.

சுற்று நிற்பதோ பிடிப்பினால். உள்நாணை அது இறுக்கிக் கவ்வியிருக்க வேண்டும். மெழுகோ எண்ணெயோ அதன் அடியில் இறங்கினால் கவ்வல் வழுக்கும், சுற்று மொத்தமாக நாணின் மேல் நகரும். நடுச்சுற்று ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அம்பு பொருந்தும் உயரம் மாறிவிடும். 50 மீட்டரில் அது மேலும் கீழுமான சிதறலாகத் தெரியும். வில்லாளி பார்வைக்கருவியைத் திருகிக்கொண்டே இருப்பார், குறை அங்கே இருக்காது.

ஆகவே ‘நாணுறை’ வேண்டாம். உறை என்றால் கழற்றி மாட்டுவது. ‘நாண்கவசம்’ பரவாயில்லை, ஆனால் சுற்றியிருப்பதை அது சொல்லவில்லை. ‘நாண்கட்டு’ என் பரிந்துரை.

மெழுகிடும் முறையும் கையேட்டில் சரியாக இருக்கட்டும். முதலில் பழைய மெழுகை எடுக்க வேண்டும். ஒரு மெல்லிய நூலை நாணில் ஒரு சுற்று சுற்றி, இரு முனையையும் பிடித்து நாண் நெடுகிலும் இழுத்தால் கறுத்த அழுக்கு திரண்டு வரும். பிறகு சிலிக்கோன் கலந்த நாண்மெழுகை வெறும் நாணில் மட்டும் மெலிதாகத் தேய்த்து, விரலாலோ தோல் துண்டாலோ நீவி உள்ளே ஏற்ற வேண்டும். கை பொறுக்கிற இளஞ்சூடு போதும். பாலிஎத்திலீன் 145 பாகை செல்சியசை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இழுவிசையில் நீளத் தொடங்கும். ஹீட்கன் என்ற சூட்டுக்காற்றுக் கருவியைக் காட்டி மெழுகை உருக்குவது நாணைக் கெடுக்கும் வேலை. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எண் போடாதீர்கள். நாணைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா, மேலே பஞ்சு போல மயிர் எழும்புகிறதா, அப்போது.

மடல் 3

‘கட்டு’ என்றால் முடிச்சும் நினைவுக்கு வரும். இங்கே முடிச்சு ஓரத்தில் மட்டும்தான்.

இதற்குத் தமிழில் நல்ல வினை ஒன்று உண்டு: வரிதல். ‘வரிந்து கட்டிக்கொண்டு வந்தான்’ என்று இன்றும் சொல்கிறோம். இறுகச் சுற்றிக் கட்டுவதுதான் வரிதல். பழைய பாடல்களில் வில்லுக்கு ‘வரிசிலை’, ‘வரிவில்’ என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வரிந்து கட்டப்பட்ட வில் என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று. அங்கே வரிந்தது வில்லின் தண்டு, இங்கே நாண். ஆனால் செயல் ஒன்றே. ஆகவே ‘வரிகட்டு’ என்று வைக்கலாம்.

மடல் 4

> ஆகவே ‘வரிகட்டு’ என்று வைக்கலாம்

ஐயா, வேர் அருமை. ஆனால் ‘உங்கள் வரிகட்டு தளர்ந்துவிட்டதா?’ என்று கையேட்டில் வந்தால் வருமான வரி அலுவலகத்து அறிவிப்பாகிவிடும். சுற்று பிரிந்து இடைவெளி விழுவதற்கு ‘வரி விலகல்’ என்றால், அதை ‘வரிவிலக்கு’ என்று படிக்க நாலு பேர் இருப்பார்கள்.

‘வரிச்சுற்று’ என்றால் வேரும் நிற்கும், குழப்பமும் வராது. சுற்றும் நூல் ‘வரியிழை’. பிரிந்து இடைவெளி விழுவது ‘சுற்றுப் பிரிதல்’. நடுவில் இருப்பது ‘நடுச்சுற்று’, முனைகளில் இருப்பது ‘முனைச்சுற்று’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

‘நாண் உருளைப் பள்ளத்தை விட்டு வெளியேறும் இடத்தில் முனைச்சுற்று பிரிகிறதா என்று பாருங்கள். வரியிழைகளுக்கு நடுவே உள்நாணின் நிறம் தெரிந்தால் பிரிந்திருக்கிறது. நகத்தால் நெருக்கித் தள்ளி மூடினால் நிற்காது. அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும்.’

புதிதாகச் சுற்றும்போது திசை முக்கியம். நாணின் முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் வில்லை இழுக்க இழுக்கச் சுற்று தளரும். சுற்றப்போகும் இடத்தில் உள்நாணின் மேல் மிதக்கும் மெழுகையும் முன்பே வழித்தெடுக்க வேண்டும். நடுச்சுற்றுக்கு 0.018 முதல் 0.021 அங்குலம் வரை தடிமனுள்ள வரியிழை வழக்கம். தடிமன் சரிதானா என்பதை அம்பை வைத்துப் பார்க்கலாம். பின்பிளவு ‘டிக்’ என்று பொருந்த வேண்டும், வில்லைக் கிடையாகப் பிடித்து அம்பைத் தொங்கவிட்டால் விழக் கூடாது, நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் சுற்று தடித்துவிட்டது. தானே விழுந்தால் மெலிந்துவிட்டது, அது ஆபத்து: இழுத்த நிலையில் அம்பு கழன்றுகொள்ள, வில் வெறுமையாக விடுபட்டால் வில்லின் கைகளும் (வளையும் இரு பக்கங்கள்) உருளைகளும் உடையலாம்.

மடல் 5

வரிச்சுற்றுக்கு என் ஒப்புதல். ‘லூப்ரிகேட்’ பற்றி முதல் மடலில் எழுப்பியதை யாரும் தொடவில்லை.

பாடநூல்களில் ‘உயவு’, புழக்கத்தில் ‘மசகு’. எதை எடுத்தாலும் ஒன்றையே நாணுக்கும் அச்சுக்கும் போடாதீர்கள். நாணுக்கு ‘மெழுகிடுக’. அச்சுக்கு ‘எண்ணெய்ச் சொட்டு விடுக’. திருகாணிக்கு ‘கிரீஸ் தடவுக’. பட்டறைக்காரருக்கு இதில் விளக்கமே தேவைப்படாது. ‘உயவு’ தலைப்பில் மட்டும் இருக்கட்டும்.

அச்சுக்கு எழுதும்போது முதல் வரியே இப்படி இருக்க வேண்டும்: உங்கள் வில்லின் உருளையில் மூடிய பேரிங் இருந்தால் எண்ணெய் விடாதீர்கள். அதன் உள்ளேயே கிரீஸ் இருக்கிறது. தெளிப்பான் எண்ணெய் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் அந்தக் கிரீசைக் கழுவிவிடும், பக்கத்து நாணின் மெழுகையும் சேர்த்து. பேரிங்குக்குப் பதில் புஷ் (அச்சைச் சுற்றிய வெறும் குழல்) வைத்த பழைய வில்லானால், உருளைக்கும் கையின் பிளவுக்கும் இடையே ஊசிமுனைக் குப்பியால் பக்கத்துக்கு ஒரு சொட்டு. பிறகு அம்பு பூட்டி, இலக்கை நோக்கியபடி மெதுவாக இழுத்து மெதுவாகவே தளர்த்த வேண்டும், நான்கைந்து முறை. கசிந்ததைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மண் தரையில் பயிற்சி என்றால் எண்ணெயே வேண்டாம், உலர்ந்துவிடும் டெஃப்லான் வகை மசகு போதும். எண்ணெயில் ஒட்டிய மணல் புஷ்ஷை அரைத்துவிடும்.

அச்சின் இரு முனையிலும் பொட்டு போல ஒரு கிளிப் இருக்கும். சொட்டு விடும்போதே அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது கழன்றால் அச்சு மெல்ல நகர்ந்து வெளியே வரும்.

வில்லின் கையைப் பிடிச்சட்டத்தோடு இணைக்கும் பெரிய திருகாணிகளின் மரையிலும் தலைக்கு அடியிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ். அவை உலர்ந்தால் இழுக்கத் தொடங்கும்போதே கிரீச்சிடும். மேலும் கீழும் ஒரே அளவு திருக வேண்டும், உற்பத்தியாளர் சொன்ன சுற்று எண்ணிக்கைக்கு மேல் தளர்த்தவே கூடாது. முழுக்கக் கழற்ற வேண்டுமானால் வில் பிரஸ்ஸில் (வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்துத்தான். இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கேபிள் ஒதுக்கித் தண்டுக்கு எதுவும் வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மடல் 6

தொகுப்பவரின் குறிப்பு.

வரிச்சுற்று, வரியிழை, சுற்றுப் பிரிதல், நடுச்சுற்று, முனைச்சுற்று ஆகிய ஐந்தும் சொற்பட்டியலில் ஏறுகின்றன. ‘நாண்கட்டு’ மாற்றுச்சொல்லாக இருக்கும். ‘கேம்’ அப்படியே. ‘நெம்புருள்’ என்ற சொல் பொறியியல் தமிழில் இருந்தாலும் வில்லாளிகள் யாரும் சொல்வதில்லை.

‘கூட்டுவில்’ என்று காம்பவுண்ட் வில்லை எழுதுவதைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். கொம்பு, நரம்பு, மரம் மூன்றையும் ஒட்டிச் செய்த பழைய வில்லுக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. உருளை பூட்டிய வில்லுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1969இல். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக வருகிறது, செய்தித்தாள்கள் அதற்குள் ஏதோ ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளும். ‘கப்பிவில்’ என்ற பரிந்துரைக்குத் தனி மடல் தொடர் தொடங்குங்கள்.

ஒரு சேர்க்கை. வில்லின் கைகளைச் சோதிக்கும் பத்தியில் ‘விரலால் தடவிப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. ‘பஞ்சால்’ என்று மாற்றுகிறோம். கண்ணாடியிழையில் சிம்பு கிளம்பியிருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கி நிற்கும். விரலில் ஏறினால் எடுப்பது கடினம்.