3.0-க்கும் 3.4-க்கும் இவ்வளவு வித்தியாசமா?

பரண்வாசி:
பரணை ஒழித்தபோது 2004-ல் வாங்கிய பென்டியம் 4 பெட்டி கிடைத்தது, நார்த்வுட், 3.0 கிகாஹெர்ட்ஸ். தூசி தட்டி மாட்டினேன், ஓடுகிறது, ஃபேன் சத்தம்தான் மிக்சி மாதிரி. மகளின் மலிவு லேப்டாப்பில் இருப்பது இன்டெல் என்100, அதில் 3.4 என்று போட்டிருக்கிறது. இருபது வருஷத்தில் கூடியது வெறும் 0.4 என்றால் அது ஏன் பறக்கிறது, இது ஏன் தவழ்கிறது? நாலு கோர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், ஒரே கோரில் ஓடும் வேலையிலும் இது தோற்கிறது.

ஈயப்பற்று:
கிகாஹெர்ட்ஸ் வெறும் தாளம். ஒரு தட்டுக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்லாது. தளம் போடும்போது கான்கிரீட் சட்டியைக் கைமாற்றி ஏற்றுவார்களே, பிராசசருக்குள் கட்டளைகளைப் படிப்படியாகக் கைமாற்றும் பைப்லைன் அதுதான். உங்கள் நார்த்வுட் வகை பென்டியம் 4-ல் வரிசை 20 பேர். ஆளுக்குக் கொஞ்சம் வேலை என்பதால் தாளத்தை வேகமாகத் தட்டலாம், விளம்பரத்துக்கும் பெரிய எண் கிடைக்கும். ஆனால் புரோகிராமில் 'இப்படி இருந்தால் இந்தப் பக்கம் போ' என்று வரும் இடத்தில் பிராசசர் விடைக்குக் காத்திருக்காமல் ஊகித்துச் சட்டியை ஏற்றிக்கொண்டே இருக்கும், ஊகம் தப்பினால் வரிசையில் உள்ள அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். போதாததற்கு, புதுக் கட்டளைகளை நார்த்வுட் தாளத்துக்கு ஒன்று என்றுதான் பிரித்துப் படிக்கும். என்100 ஆறு வரை பிரிக்கும்.

மதர்போர்டு மச்சான்:
சூட்டை விட்டுவிட்டீர்களே! அடுத்து வந்த பென்டியம் 4 வகையான பிரெஸ்காட்டில் இன்டெல்காரர்கள் வரிசையை 31 ஆக நீட்டினார்கள், 3.8-ல் 115 வாட், அடுப்புதான். 4 கிகாஹெர்ட்ஸ் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். 2006-ல் கோர் 2 டுவோ வந்தபோது வரிசை 14 ஆகச் சுருங்கியது, 1.86-ல் ஓடிய இ6300 பல வேலைகளில் பென்டியம் 4-ஐ ஓரங்கட்டியது. உங்களுடையது 82 வாட், லேப்டாப்பில் இருப்பது 6.

சந்தேகி:
ஒரு நிமிஷம். 3.4 என்பது என்100-இன் உச்சம், எப்போதும் அதில் ஓடாது. அப்புறம் இரண்டிலும் ஒரே டிஸ்க்கா? பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கின் மந்தத்தையும் சேர்த்துப் பிராசசர் தலையில் கட்டாதீர்கள். கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகம், அதில் வித்தியாசம் நிஜம்தான், பென்டியம் 4-ல் 512 கிலோபைட், என்100-இல் 6 மெகாபைட். கேஷில் இல்லாததை ரேமிலிருந்து எடுத்துவர நூறு தாளத்துக்கும் மேல் காத்துக் கிடக்க வேண்டும். பிராசசரின் சூட்டை மேலே உள்ள ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் பாருங்கள், காய்ந்திருந்தால் பென்டியம் 4 சூட்டுக்குப் பயந்து தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பரண்வாசி:
டிஸ்க் 80 ஜிபி ஐடிஇதான், மாட்டிக்கொண்டேன். பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. ஹீட் சிங்கைத் தூக்கினால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்துவிட்டது, மூன்று பின் வளைந்திருக்கிறது. போச்சா?

ஈயப்பற்று:
478 சாக்கெட்டில் எல்லோருக்கும் நடந்ததுதான். லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையைப் பின்மேல் நுழைத்து மெதுவாக நிமிர்த்துங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், ஒடிந்துவிடும். அடுத்த தடவை கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள், பேஸ்ட் இளகியிருக்கும்.