ராத்திரி ஷிப்ட் போற அப்பாதான் குற்றவாளியா?

அஞ்சுரோட்டார்: போன வாரம் சேலத்துல எங்க தெருவுல செல்போன் பறிச்ச மூணு பேருக்கும் 18 வயசு ஆகலை. விசாரிச்சா, மூணு பேரோட அப்பாவும் விசைத்தறியில ராத்திரி ஷிப்ட். பெத்தவங்க கண்ணுல படாம வளர்ற புள்ளை இப்படித்தான் ஆகும். இதைச் சொன்னா எல்லாருக்கும் கோபம் வருது.

தறிக்காரர் மகள்: வராம? அம்மாபேட்டையில எங்கப்பா 22 வருஷம் ராத்திரி எட்டு மணிக்குப் போய் காலைல எட்டு மணிக்கு வந்தவர். புருவமெல்லாம் பஞ்சு. தறிச் சத்தத்துல காது மந்தம், கத்தித்தான் பேசுவார். வந்ததும் எங்க நோட்டைக் கேட்பார். அவர் கையெழுத்துக்குப் பக்கத்துல எண்ணெய் விரல் பதிஞ்சிருக்கும். நாங்க மூணு புள்ளைங்க, ஒருத்தர் மேலயும் கேஸ் இல்லை.

அஞ்சுரோட்டார்: உங்கப்பா நல்லவரா இருக்கலாம். புள்ளை எங்க சுத்துதுன்னு தெரியாதவங்களைத்தான் சொன்னேன்.

தறிக்காரர் மகள்: நீங்க எழுதினது "ராத்திரி ஷிப்ட்". மேல போய்ப் படிங்க. ஏற்காடு மலைப்பாதையில, 20 கொண்டை ஊசி வளைவுலயும் பைக்கைச் சாய்ச்சு ஓட்டுற ஸ்கூல் பசங்களுக்கு வண்டி வாங்கித் தந்தது தறிக்காரரா? 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவுல, சிறுவன் ஓட்டி மாட்டினா பெத்தவருக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. அந்த அப்பாக்களைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா?

மலைக்காரன்: எங்க ஊரை ஏன் இழுக்கறீங்க? அந்த வண்டியெல்லாம் கோரிமேடு தாண்டி வர்ற டவுன் பசங்களோடது. எங்க பசங்க காபித் தோட்டத்துக்கு நடந்து போறவங்க.

தறிக்காரர் மகள்: டவுன்னுதான் நானும் சொல்றேன்.

மலைக்காரன்: "ஏற்காடு"ன்னு எழுதினீங்க.

குகைவாசி: கொஞ்சம் நிறுத்துங்க. 2015 சிறார் நீதிச் சட்டம் 75-வது பிரிவுல, வேணும்னே புறக்கணிச்சாத்தான் குற்றம். 3 வருஷம் வரை ஜெயில் இல்லைன்னா லட்ச ரூபா அபராதம், ரெண்டும்கூட உண்டு. "வேணும்னே"ங்கிற சொல்தான் இங்க முக்கியம். வயித்துப்பாட்டுக்கு ஷிப்ட் போறது அதுல வராது.

அஞ்சுரோட்டார்: சட்டம் பேச வரலை. ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பசங்க ஏன் எங்க தெருவுல நின்னாங்க?

தறிக்காரர் மகள்: தறிச் சத்தம் தாங்கலைன்னு போன மாசம் மனுப் போடச் சொன்னவர் நீங்கதானே? உங்களுக்குத் தறிக்காரர் மேலயே காட்டம். அந்தப் பசங்க எப்ப ஸ்கூலை விட்டாங்க, யாரோட சேர்ந்தாங்க, வீட்டுல குடி உண்டா, ஏதாவது கேட்டீங்களா? ஷிப்ட் மட்டும் எப்படிக் கண்ணுல பட்டுச்சு?

அஞ்சுரோட்டார்: போன் பறிகொடுத்தது என் தங்கச்சி. கீழ விழுந்து முழங்கை பேந்துபோச்சு. ராத்திரி பத்து மணிக்கு, அம்மா. அதுக்குப் பதில் சொல்லுங்க.

தறிக்காரர் மகள்: தங்கச்சிக்கு நடந்தது தப்பு, எனக்கும் வயிறு எரியுது. "ராத்திரி ஷிப்ட்"டை அழிங்க, அப்புறம் பேசறேன்.

அஞ்சுரோட்டார்: அழிக்க மாட்டேன்.