நாட்டுப் பாகல் விதை சரியா முளைக்கல, காயும் மாறுது. விதை எடுத்து வெக்கிற முறை சொல்லுங்க

கொல்லைப்பந்தல் (வலங்கைமான்):
எல்லாருக்கும் வணக்கம். எங்க கொல்லையில இருக்கிறது நாட்டுப் பாகல், கரும்பச்சையா நீளமா முள்ளு கூர்மையா இருக்கும், அம்மா பொறந்த வீட்லேர்ந்து வந்த விதை, எந்த விதைக்கடையிலயும் கெடைக்காது. வருஷா வருஷம் பழுத்து வெடிச்ச பழத்துல விதை எடுத்து சாம்பல்ல புரட்டி டப்பால போட்டு வெப்போம். போன ஆவணியில எடுத்த விதைய இந்த தையில ஊனினா பாதிக்கு மேல முளைக்கவே இல்ல, முளைச்சதுலயும் ரெண்டு கொடில காய் கட்டையா வெளிறிப்போய் வருது. பக்கத்து கொல்லையில ஹைப்ரிட் பாகல் போட்டிருக்காங்க, அதனாலயா? மத்த கொடியெல்லாம் இப்ப நல்லா பூத்து பிஞ்சு விடுது. இந்த தடவையாவது விதைய ஒழுங்கா எடுத்துடணும், இந்த ரகம் கையவிட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

கொள்ளிடம் படுகை:
தம்பி, முதல்ல அந்த ரெண்டு கொடியையும் இன்னைக்கே வேரோட புடுங்கிடுங்க, காய் வருதேன்னு பாக்காதீங்க, அது ஆண்பூ பூக்கப் பூக்க அதோட மகரந்தத்த தேனீ எல்லா கொடிக்கும் கொண்டு போகும். பாகல்ல ஆண்பூ தனி, பொண்பூ தனி, ரெண்டும் ஒரே கொடியில இருக்கும், பூவுக்குக் கீழ குட்டிப் பிஞ்சு மாதிரி இருந்தா அது பொண்பூ. தேனீ இல்லாம காய் புடிக்காது, தேனீக்கு உங்க வேலி அடுத்தவன் வேலின்னு கெடையாது. நிறைய பேருக்குப் புரியாத விஷயம், கலப்பு நடந்தாலும் அந்த வருஷம் காய் மாறாது, உங்க கொடியில உங்க காய் மாதிரியேதான் தொங்கும், உள்ள இருக்கிற விதையிலதான் கலப்பு இருக்கும், அதைப் போட்டாதான் அடுத்த தடவை தெரியும். உங்களுக்கு நடந்தது அதுதான்னு நெனக்கிறேன். மிதிபாகல்னு சொல்ற குட்டிப் பாகலும் இதே இனம்தான், அதுவும் கலக்கும். புடலை, பீர்க்கன் பக்கத்துல இருந்தா கவலை இல்ல.

சான்று விதைக்கு, அதாவது சான்று வாங்கி விவசாயிக்கு விக்கிற விதைக்கு, ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் நடுவுல 500 மீட்டர், அந்த சான்று விதைய உண்டாக்கப் போடுற ஆதார விதைக்கு 1000 மீட்டர் விடணும்னு கணக்கு. நம்ம ஊர் கொல்லையில அதுக்கு எங்க போறது, அதனால கையாலயே மகரந்தம் சேர்த்துடுங்க. மறுநாள் விரியப்போற பொண்மொட்டு முதல்நாள் சாயங்காலமே லேசா மஞ்சள் தட்டி நிக்கும், அதை ஒரு சின்ன பேப்பர் கவர் போட்டு மூடிடுங்க, ஆண்மொட்டையும் அதே மாதிரி கொஞ்சம் மூடி வெச்சுக்கோங்க. காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஆண்பூவ பறிச்சு இதழை பிச்சுட்டு நடுவுல இருக்கிற பொடிய பொண்பூ நடுவுல இருக்கிற சூல்முடியில (மகரந்தம் ஒட்டுற முனை) மெதுவா தடவி திரும்பவும் கவரை மாட்டிட்டு காம்புல கலர் நூல் கட்டிடுங்க. ஒரே கொடிக்குள்ள பண்ணாம அந்தக் கொடி ஆண்பூவ இந்தக் கொடிக்குன்னு மாத்தி மாத்தி பண்ணுங்க, குறைஞ்சது பத்து கொடிலேர்ந்தாவது விதை வரட்டும், ஒரே கொடி விதையவே புடிச்சுட்டு இருந்தா ரகம் வீரியம் இழந்துடும்.

கொடிய பாத்து எடுக்கணும், பழத்த பாத்து இல்ல. பெரிய காயா ஒண்ணு தொங்குதுன்னு அதை விட்டுடுவாங்க, அந்தக் கொடியே நோஞ்சானா இருக்கும். இலை சுருண்டு மஞ்சள் திட்டு திட்டா தேமல் விழுந்த கொடியில கண்டிப்பா விதை எடுக்காதீங்க.

திருவாரூர் மாடித்தோட்டம்:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. நூல் கட்டின பிஞ்சு கொஞ்சம் பெருசானதும் மெல்லிசு துணிப்பை போட்டுடுங்க, பழ ஈ குத்தி முட்டை வெச்சா பழம் உள்ளயே அழுகி விதை வீணாகிடும். தோட்டத்துல க்யூ லூர் பொறி (ஆண் பழ ஈய வாசனையால இழுக்கிற பொறி) ஒண்ணு தொங்கவிட்டா ஆண் ஈ நிறைய விழும். விதைக்கு விட்ட கொடியில மத்த பிஞ்ச சமையலுக்கு சின்னதுலயே பறிச்சுடுங்க, கொடிக்கு சுமை குறையும்.

வெடிக்கிற வரைக்கும் ஏன் விடுறீங்க? வெடிச்சா கிளியும் அணிலும் வந்துடும், இல்லன்னா விதை மண்ணுல விழுந்துடும். பூத்து ஏறக்குறைய நாலு வாரத்துல நுனிலேர்ந்து ஆரஞ்சு நெறம் ஏற ஆரம்பிக்கும், முக்காவாசி ஆரஞ்சானதும் பறிச்சு ஒரு ராத்திரி நிழல்ல வெச்சா தானா கனிஞ்சுடும். பச்சையா இருக்கும்போது பறிச்சு பழுக்கவெச்ச பழத்துல விதை வெள்ளையா சப்பையா இருக்கும், அது வேண்டாம். நல்ல விதை பழுப்பா, ஓரத்துல கொத்து வேலை செஞ்ச மாதிரி வரி வரியா கெட்டியா இருக்கும்.

விதைய சுத்தி செவப்பா ஒரு சதை இருக்கும்ல, அத முழுசா எடுக்கணும், கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பூஞ்சை பூத்துடும். ஆத்து மணல் ஒரு கைப்பிடி போட்டு தேய்ச்சு கழுவினா சுளுவா வந்துடும். கழுவும்போது மிதக்கிறத ஊத்திடுங்க, அடியில தங்கறதுதான் விதை. தண்ணில ஊறப்போட்டுட்டு மறந்துடாதீங்க. அப்புறம் முதல்ல நிழல்ல துணி மேல விரிச்சு, பிறகு காலை வெயில், சாயங்கால வெயில். 12லேர்ந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேண்டாம், சிமெண்டு தரையிலயும் தகரத்துலயும் போடவே கூடாது, சூட்டுல கரு செத்துடும்.

ஆடுதுறை பக்கம்:
கேட்டவரோட உண்மையான பிரச்சினை காயவெச்ச விதம், அப்புறம் மாசம். ஆவணியில எடுத்தா அடுத்து ஐப்பசி கார்த்திகை அடைமழை, நம்ம டெல்டாவுல அந்த ரெண்டு மாசம் உப்பு ஜாடி கூட தண்ணி விடும், அரைகுறையா காஞ்ச விதை டப்பாக்குள்ள என்ன ஆகும் சொல்லுங்க. நான் ஆடிப்பட்டத்து பாகல்ல விதையே எடுக்கறதில்ல. தைப்பட்டத்துல போட்டு பங்குனி சித்திரையில பழுக்கறதுதான் விதைக்கு, அப்ப காத்து காஞ்சிருக்கும், மழை தொந்தரவு குறைச்சல்.

காத்துப்புகாத டப்பால வெக்கணும்னா ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, துணிப்பைன்னா 7. வீட்ல மீட்டர் இல்லல்ல, விதைய ஒடிச்சா வளையாம டக்குன்னு ஒடியணும், உள்பருப்ப நகத்தால அழுத்தினா பள்ளம் விழக்கூடாது. ஹாரிங்டன்னு ஒரு விதை விஞ்ஞானி சொன்ன கணக்கு, ஈரம் 1 சதவீதம் குறைஞ்சா விதையோட ஆயுசு ரெண்டு மடங்கு, சூடு 5 டிகிரி குறைஞ்சாலும் ரெண்டு மடங்கு. தோராயம்தான், ஆனா அனுபவத்துல ஒத்துப்போகுது. சாம்பல் புரட்டறது பூச்சிக்கு நல்லது, அதுக்காக காயாத விதைய சாம்பல் காப்பாத்தாது.

கண்ணாடி பாட்டில்ல அடியில வறுத்து நல்லா ஆறவெச்ச அரிசிய ஒரு துணில முடிஞ்சு போட்டு, மேல விதை பொட்டலம், மூடி இறுக்கமா. ரகம் பேரு, எடுத்த மாசம் எழுதி உள்ள போடுங்க. அதை அப்படியே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வெக்கலாம்.

கொள்ளிடம் படுகை:
ஃபிரிட்ஜ் விஷயத்துல கொஞ்சம் ஜாக்கிரதை. பாட்டிலை வெளிய எடுத்ததும் திறந்தா விதை மேல வேர்த்துடும். மூடினபடியே அரை நாள் வெளிய வெச்சு சூடு சமமானப்புறம் திறங்க. அடிக்கடி எடுத்து எடுத்து பாக்கறவங்க ஃபிரிட்ஜ்ல வெக்காம இருக்கறதே மேல், வீட்டுக்குள்ள இருட்டா குளிர்ச்சியா ஒரு மூலை போதும். மொத்தத்தையும் ஒரே பாட்டில்ல போடாம ரெண்டா பிரிச்சு ஒண்ண அம்மா பொறந்த ஊர்ல குடுத்து வைங்க, வெள்ளம் புயல்னு வந்தா ரகமாவது தப்பிக்கும்.

கொல்லைப்பந்தல் (வலங்கைமான்):
ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும் நன்றி. அந்த ரெண்டு கொடியையும் புடுங்கியாச்சு. அது பூத்தப்புறம் புடிச்ச பிஞ்செல்லாம் விதைக்கு ஆகாதுன்னு புரியுது, அதையெல்லாம் சமையலுக்கு பறிச்சுட்டு இனிமே நூல் கட்டினதுல மட்டும்தான் எடுக்கப் போறோம். பழைய டப்பாவுல இன்னும் கொஞ்சம் விதை இருக்கு, அதை ஏதாவது பண்ண முடியுமா?

திருவாரூர் மாடித்தோட்டம்:
தூக்கிப் போட்டுடாதீங்க. 20 விதை எடுத்து கூர்முனைய நகவெட்டியால உள்பருப்பு படாம லேசா நறுக்கி, ஒரு ராத்திரி தண்ணில ஊறவெச்சு ஈரத்துணில சுத்தி வெதுவெதுப்பான எடத்துல வைங்க, துணி காயவும் கூடாது, சொட்டச் சொட்ட நனைஞ்சும் இருக்கக்கூடாது. 14 நாள் வரைக்கும் பொறுங்க, 12 இல்ல அதுக்கு மேல முளைச்சா நல்ல விதைன்னு அர்த்தம், பாகலுக்கு 60 சதவீதம்தான் தரம். அதுக்குக் கம்மின்னா குழிக்கு ரெண்டு விதைக்குப் பதிலா நாலு ஊனுங்க. ஆனா அதுலயும் கலப்பு இருக்கும், காய் வந்ததும் வேற மாதிரி இருக்கிறத உடனே புடுங்கிடுங்க.