'மெரிசம்': தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம்.

இறையியல் முதலாண்டு மாணவர்களுக்கான, விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் 2, 3 அதிகாரப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. எதிரெதிரான இரண்டைச் சொல்லி, அவற்றுக்குள் அடங்கும் அனைத்தையும் குறிப்பது மெரிசம். கிரேக்கத்தில் 'மெரோஸ்' என்றால் பகுதி. 1:1-இல் 'வானத்தையும் பூமியையும்' என்றால் படைப்பு முழுவதும். 2:17-இல் விலக்கப்பட்டது 'நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்'. எபிரேயத்தில் 'டோவ் வாரா'. இதையும் மெரிசமாகக் கொண்டால், விலக்கப்பட்டது ஒழுக்க அறிவு அல்ல, அனைத்தையும் அறியும் அறிவு. ஜெர்மானியப் பழைய ஏற்பாட்டு அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட் இப்படித்தான் விளக்குகிறார். நான் 'முரண்முற்று' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?
செ.

---

செ. ஐயா,

புதுச்சொல் எதற்கு? உம்மை எட்டு என்று தொல்காப்பியர் வகுத்ததில் எண்ணும் உண்டு, முற்றும் உண்டு. 'வானத்தையும் பூமியையும்' வடிவில் எண்ணும்மை (அடுக்கி எண்ணும் 'உம்'), பொருளில் முற்றும்மை ('எல்லாம்' என்று முழுமை காட்டும் 'உம்'). இரண்டையும் சேர்த்தால் 'எண்முற்று'. 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்ற புறநானூற்று அடியை (192) எடுங்கள். தீதுக்கும் நன்றுக்கும் இடைப்பட்டவை பிறர் தந்து வரும் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. குறளின் 'இருவினை'யும் (நல்வினை, தீவினை) அப்படியே. வழக்கு நம்மிடம் இருக்கும்போது பெயரையும் நம் இலக்கணத்திலிருந்தே எடுப்போம்.
இரா.

---

'எண்முற்று' என்றால் மாணவர் கணக்குப் பாடம் என்று நினைப்பார், ஐயா. மலேசியப் பாடத்திட்டத்தில் 'இணைமொழி' ஏற்கெனவே இருக்கிறது. அல்லும் பகலும், மேடுபள்ளம் எல்லாம் அதில் வரும். பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?
க.

---

க. அம்மா, 'கண்ணும் கருத்தும்', 'அருமை பெருமை' இவையும் இணைமொழிதானே? அவற்றில் முரண் இல்லை. முரண் இல்லாவிட்டால் மெரிசம் இல்லை. இணைமொழி பெரிய வட்டம், நமக்கு வேண்டியது அதற்குள் ஒரு சிறு வட்டம். ஆகுபெயரில் அடக்கலாம் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். அதுவும் ஒத்துவராது. 'வெற்றிலை நட்டான்' என்பதில் ஒரு சினை (உறுப்பு) நின்று முழுப்பொருளைக் குறிக்கிறது; இங்கே இரு முனைகள் சேர்ந்து நின்றால்தான் முழுமை வரும், ஒன்றை எடுத்தால் பொருள் போய்விடும்.

இன்னொன்று. நம் பழைய மொழிபெயர்ப்பு 24:50-இல் 'நலம் பொலம் ஒன்றும் சொல்லக்கூடாது' என்கிறது. மூலத்தில் 'ரா ஓ டோவ்', தீமையோ நன்மையோ. ரெபெக்காளின் அண்ணன் லாபானும் தகப்பன் பெத்துவேலும் 'நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை' என்கிறார்கள். மொழிபெயர்த்தவர் எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார்! ஆனால் 31:24-இல், யாக்கோபோடு எப்படிப் பேச வேண்டும் என்று கடவுள் லாபானை எச்சரிக்கும் இடத்தில், 'நன்மையே அன்றித் தீமை ஒன்றும் பேசாதபடிக்கு' என்று வந்துவிட்டது. மூலத்தில் 'மிட்டோவ் அத் ரா', நன்மையிலிருந்து தீமைவரை எதுவுமே பேசாதே என்பது. மெரிசம் தெரியாமல் படித்தால் லாபான் நல்லது பேசலாம் என்று ஆகிவிடும்.
அ.

---

'பொலம்' சங்கத்தமிழில் பொன். பொலந்தார், பொலங்கலம் பாருங்கள். 'நலம் பொலம்' என்பது நலமும் பொன்னும், அதாவது குணமும் செல்வமும் என்று நின்று, பிறகு திரிந்திருக்கலாம்.
இரா.

---

இல்லை ஐயா, 'பொல்லாங்கு', 'பொல்லாமை' இருக்கும்போது பொன் வரை ஏன் போக வேண்டும்? 'நலம்' என்பதன் ஓசைக்கு இசைந்து 'பொலம்' ஆனது.
அ.

---

பொலத்தை விடுவோம், வெள்ளி நெருங்குகிறது.

எனக்குத் தடை 'முற்று' என்பதில். அந்தச் சொல் விளக்கத்தை முன்கூட்டியே தீர்ப்பாக்கிவிடுகிறது. உபாகமம் 1:39 'நன்மை தீமை அறியாத' பிள்ளைகள் என்கிறது. அனைத்தும் அறியாத பிள்ளைகள் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை, பெரியவர்களும் அப்படித்தானே. அங்கே பொருள் பகுத்தறியும் பருவம். 2 சாமுவேல் 19:35-இல் 80 வயது பர்சிலா, நன்மை தீமை எனக்குத் தெரியுமோ என்று கேட்ட கையோடு உணவின் ருசி தெரியுமோ என்கிறார். ஆதியாகமத்திலேயே பழத்தைத் தின்றதும் அவர்கள் அறிந்தது என்ன? தாங்கள் நிர்வாணிகள் என்பது மட்டும் (3:7). எல்லாம் அறிந்தவர் மரங்களுக்குள் ஒளிவாரா? பெயர் வடிவத்தை மட்டும் சொல்லட்டும்: 'முரணிணை'. இணை எதைக் குறிக்கிறது என்பதை வகுப்பில் வாதிடலாம்.

அட்டையில் ஆப்பிள் படம் வேண்டாம். மூலத்தில் பழத்துக்குப் பெயரில்லை. லத்தீனில் 'மாலும்' என்ற ஒரே எழுத்துக்கூட்டு தீமைக்கும் ஆப்பிளுக்கும் வருவது அந்தப் படத்துக்குத் துணைபோயிற்று. யூத மரபு திராட்சை, அத்தி, கோதுமை என்கிறது. கதையில் பெயரோடு வரும் மரம், இலை தைத்த அத்தி ஒன்றுதான்.
ம.

---

ம. அம்மா, பகுத்தறிவே விலக்கப்பட்டது என்றால், அது இல்லாதவர்கள் கட்டளையை மீறியதற்குத் தண்டனை ஏன் என்ற கேள்வி எழும். 3:22-இல் 'நம்மில் ஒருவரைப்போல் ஆனான்' என்பதையும் பார்க்க வேண்டும். தெக்கோவா ஊர்ப் பெண் 2 சாமுவேல் 14:17-இல் தாவீது ராஜா நன்மை தீமை கேட்பதில் தேவதூதன் போல என்கிறாள். 20-ஆம் வசனத்தில் அவளே 'பூமியில் நடக்கிறதையெல்லாம் அறிய' என்று விரிக்கிறாள். இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நால்வர் 'முரண்முற்று'க்கு இசைந்துவிட்டார்கள். முதல் இடத்தில் அடைப்புக்குறிக்குள் மெரிசம் என்று போட்டு அனுப்புகிறேன். அட்டைப்படத்தை மாற்றச் சொல்லிவிட்டேன்.
செ.

---

1:1-க்கு முரண்முற்று சரி. 2:17-க்கு நான் இசையவில்லை. அங்கே 'முரணிணை, முற்றுப்பொருள் கொள்வாரும் உளர்' என்று ஒரு வரி சேருங்கள். 24:50, 31:24 இரண்டையும் பயிற்சிக் கேள்வியாகக் கொடுத்து, உபாகமம் 1:39-ஐயும் அவற்றோடு வையுங்கள்.
ம.