60 சதவீத சிங்கிள் மால்ட்: தண்ணீர் விடலாமா, விட்டால் எவ்வளவு?

வெள்ளவத்தைவாசி:
லண்டனில் இருந்து வந்த அத்தான் அபர்லவர் அபூனா என்ற ஸ்கொட்ச் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கி) ஒரு போத்தல் தந்துவிட்டுப் போயிருக்கிறார். காஸ்க் ஸ்ட்ரென்த் (பீப்பாயில் இருந்த செறிவிலேயே அடைத்தது), லேபலில் மதுசாரம் 60 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருக்கிறது. எனக்குத் தென்னஞ்சாராயமும் சோடாவும்தான் பழக்கம், சிங்கிள் மால்ட் என்றால் கல்யாண வீட்டில் யாராவது ஊற்றித் தந்ததோடு சரி. அப்படியே ஒரு வாய் குடித்தால் நாக்கு மரத்துப் போகிறது, ருசி ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் விட்டால் விஸ்கி பழுதாகிவிடும் என்று அத்தான் அடித்துச் சொல்கிறார். இன்னொன்று, இரண்டு ஐஸ் கட்டி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கிளாஸ் கலங்கிவிட்டது. போத்தலில் ஏதும் கோளாறா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
கோளாறு ஒன்றும் இல்லை தம்பி, கலங்குவது நல்லதுதான். 40 சதவீதத்தில் வருகிற விஸ்கியில் பெரும்பாலானதைக் குளிரவைத்து வடிகட்டித்தான் அடைக்கிறார்கள். உங்களுடையதில் அது செய்வதில்லை, அதனால் எஸ்டர்கள் என்ற எண்ணெய்ப்பசை உள்ள மணப்பொருட்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. செறிவு 46க்குக் கீழே இறங்கினாலோ நன்றாகக் குளிர்ந்தாலோ அவை பிரிந்து மங்கலாக நிற்கும். குடிக்கலாம்.

அத்தானிடம் ஒன்று கேளுங்கள்: 40 சதவீத விஸ்கி எப்படி 40 ஆனது? அடைக்கும் முன் கம்பனிக்காரனே தண்ணீர் கலந்துதான் அனுப்புகிறான். காஸ்க் ஸ்ட்ரென்த்தில் அந்த வேலையை நம்மிடம் விட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர் விடாமல் நாக்கு நனைகிற அளவு, அப்புறம் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டுச் சுழற்றி ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து மணந்து பாருங்கள். பிறகும் எரித்தால் இன்னும் அரை. கணக்காக வேண்டுமென்றால், 60இல் இருக்கும் 30 மில்லிக்கு 9 மில்லி தண்ணீர் விட்டால் 46க்கு வரும், 15 விட்டால் 40. மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். கொழும்பு வெக்கையில் ஸ்பிரிட்தான் முதலில் மேலே கிளம்பும், கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மணந்தால் மூக்கு எரியாது. குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், குளோரின் மணக்கும்.

தெஹிவளை73:
தண்ணீர் விடுவதற்கு விஞ்ஞானமும் இருக்கிறது. 2017இல் சுவீடனில் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினியில் செய்து பார்த்தார்கள். குவையகோல் என்ற மணப்பொருள், செறிவு 59க்கு மேலே இருக்கும்போது எத்தனோலால் சூழப்பட்டு உள்ளேயே கிடக்கிறது, 45க்குக் கீழே வந்தால் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. அதுதான் தண்ணீர் விட்டதும் மணம் எழும்புகிறது.

மருதானை மச்சான்:
அந்த ஆய்வை எல்லா விஸ்கிக்கும் பொருத்தாதீர்கள் ஐயா. குவையகோல் பெரும்பாலும் புகை மணத்துக்குரியது, லஃப்ரோய்க் காஸ்க் ஸ்ட்ரென்த் மாதிரி பீட் (சதுப்பு நிலக் கரிமண்) புகை போட்ட, ஸ்கொட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி என்றால் சரி. அபூனா ஒலோரோசோ ஷெர்ரி என்ற ஸ்பானிய வைன் இருந்த பீப்பாயில் கிடந்தது, அதில் வருவது நத்தார் கேக் மணம். தண்ணீர் கூடினால் அந்த இனிப்பும் கனமும் போய்ப் பீப்பாயின் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். நான் ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடமாட்டேன். ஐஸ் வேண்டவே வேண்டாம், குளிரில் மணம் அடங்கிவிடும். ஏசி அறையில் போத்தலைக் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும்.

காஸ்க் ஸ்ட்ரென்த் என்றாலே 60 என்றும் நினைக்க வேண்டாம். ஸ்கொட்லாந்தில் பொதுவாக 63.5இல் பீப்பாயில் நிரப்புகிறார்கள், அந்தக் குளிரில் வருடம் போகப்போக அளவும் குறையும், செறிவும் இறங்கும். பழைய சரக்கு 50க்குக் கிட்டக்கூட வரும்.

வெள்ளவத்தைவாசி:
ஒரு தேக்கரண்டி விட்டுப் பார்த்தேன், காய்ந்த முந்திரிகை மணம் நன்றாகவே வருகிறது, எரிவும் தாங்கலாம். இரண்டாவது தேக்கரண்டியில் எனக்குச் சப்பென்று போய்விட்டது, மருதானை மச்சான் பக்கம்தான் நான். மிச்சத்தை அலுமாரியில் படுக்க வைக்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
படுக்க வைப்பது வைனுக்கு. இந்தச் செறிவு கார்க்கை அரித்துவிடும், நிமிர்த்தி வெயில் படாத இடத்தில் வையுங்கள். டெவில்ட் கடலையோடு குடிக்காதீர்கள், அந்த உறைப்பில் ஷெர்ரி எங்கே தெரியப்போகிறது!