புதுப்பிப்பு: ட்ரோன் சர்வேயில் தளம் கடலுக்கு அடியில் காட்டியது தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன வாரம் நான் கேட்டது: தூத்துக்குடியில் குடோன் கட்டப்போகும் இடத்தை ட்ரோனில் அளந்தால், 4 மீட்டர் வர வேண்டிய தரைமட்டம் மைனஸ் 90 சொச்சம் வருகிறதே, ஏன்?

"ஜியாய்டைப் பாருங்க தம்பி" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி (ஜியாய்டு என்றால் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பூமி வடிவம்). ஜிபிஎஸ் தரும் உயரம் பூமியின் கணித நீள்கோள வடிவத்திலிருந்து, கடல்மட்டத்திலிருந்து அல்ல. தென் தமிழகத்தில் இரண்டுக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். மென்பொருளில் உயர அமைப்பை ஈஜிஎம் 2008 என்ற ஜியாய்டு மாதிரிக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன், மட்டம் வந்துவிட்டது. (ட்ரோனையே மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும்.)

எதிர்பாராதது: ஒரு தரைக்குறியில் (ட்ரோன் அளவைச் சரிபார்க்கத் தரையில் வைத்து ஜிபிஎஸ்ஸில் அளக்கும் அடையாளம்) மட்டும் 2 மீட்டர் உதைத்தது. அளந்த பையன் ஜிபிஎஸ் மாட்டிய கம்பத்தின் உயரத்தைக் கழிக்கவே இல்லை! திருத்தியபின் பெஞ்ச்மார்க்கோடு (உயரம் முன்பே தெரிந்த நிலையான குறி) ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவி வைத்துச் சரிபார்த்தேன்; 3 செ.மீ.தான் வித்தியாசம். மண் நிரப்பும் கணக்கை அதை வைத்தே கொடுத்தாச்சு.