வைஃபையை எழுப்பினால் போர்டு படுத்துக்கொள்கிறது

பெரம்பூரிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் மெட்ரோ வாட்டர் எப்போது வரும் என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாது. சம்ப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று, வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் சிப்பான இஎஸ்பி32 இருக்கும் ஒரு போர்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். சிப் தயாரிப்பாளரே தரும் ஐடிஎஃப் என்ற மென்பொருள் கிட்டில்தான் புரோகிராம். எல்இடி மினுக்கியது, சென்சார் படித்தது, சீரியல் மானிட்டரில் எண்கள் அழகாக ஓடின. அப்புறம் வைஃபையைத் தொடங்கும் வரியைச் சேர்த்தேன். ரீசெட். மறுபடி ரீசெட். விடிய விடிய அதுதான்.

ஒவ்வொரு ரீசெட்டுக்கு முன்னும் பிரவுன்அவுட், அதாவது வோல்டேஜ் இறங்கிவிட்டது, என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மெனுகான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் பக்கத்தில் போய், அதைக் கண்டுபிடிக்கும் பிரவுன்அவுட் டிடெக்டரையே அணைத்துவிட்டேன். காய்ச்சல் குறையவில்லை என்று தெர்மாமீட்டரை உடைத்த கதைதான். ரீசெட் நின்றது, ஆனால் போர்டு பாதியில் உறைந்துபோனது. மூன்று நாள் புரோகிராமையே குடைந்துகொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டைத் திறந்தேன். முழு வீச்சில் சிக்னல் அனுப்பும்போது இந்தச் சிப் 240 மில்லி ஆம்பியர் இழுக்கும், 3.3 வோல்ட் சப்ளை 500 மில்லி ஆம்பியராவது தர வேண்டும் என்று இருந்தது. சராசரிக் கணக்கு இங்கே உதவாது. அந்த இழுப்பு கண நேரத்தில் வந்து போகும். நான் செருகியிருந்ததோ பழைய ஹெட்போனோடு வந்த நூல் மாதிரியான யுஎஸ்பி கேபிள். மல்டிமீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துப் பார்த்தேன். வைஃபை எழும் நேரத்தில் 4.3 காட்டியது. மீட்டர் மெதுவானது, நிஜத்தில் இன்னும் கீழே போயிருக்கும். போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் தன் பங்குக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட்டை எடுத்துக்கொண்டால் சிப்புக்கு மிஞ்சுவது என்ன?

ரிச்சி ஸ்ட்ரீட் போய், குட்டையாக, தடிமனாக ஒரு கேபிள் கேட்டேன். கடைக்காரர், "சார்ஜிங்குக்கா சார், டேட்டாவுக்கா?" என்றார். இரண்டுக்கும் என்றேன். கூடவே, அந்தக் கண நேர இழுப்பைத் தாங்க ஒரு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வாங்கி 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் சால்டர் செய்தேன். டிடெக்டரையும் திரும்ப ஆன் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு ரீசெட் கூட இல்லை.

சந்தோஷம் அரை நாள்தான். வைஃபை வந்ததும் சம்ப் அளவு வரவில்லை! சென்சாரை 25ஆம் பின்னில் கொடுத்திருந்தேன். அது ஏடிசி2வைச் சேர்ந்தது; ஏடிசி என்பது சென்சாரின் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, இந்தச் சிப்பில் இரண்டு உண்டு. வைஃபை ஓடும்போது ஏடிசி2வை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஒயரை ஏடிசி1ஐச் சேர்ந்த 34ஆம் பின்னுக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆனது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு சாயங்காலம்.

குரோம்பேட்டையிலிருந்து:

சார், எங்கள் லேபில் மாணவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். "மேடம், பாஸ்வேர்ட் சரியாத்தான் இருக்கு, கனெக்ட் ஆகலை" என்று வருவார்கள். இணைப்பு அறுந்த காரண எண்ணை அச்சிட்டாயா என்று கேட்டால் முழிப்பார்கள். பெரும்பாலும் 201தான் வரும். அப்படியென்றால் அந்தப் பெயரில் நெட்வொர்க்கே சிப்பின் கண்ணில் படவில்லை. பாஸ்வேர்ட் தப்பென்றால் 15 அல்லது 202 வரும், அது வேறு கதை. இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். பையன்களின் போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஐபோன் என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால் 2.4க்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டில் பேண்டை மாற்ற வேண்டும். போன வாரம் ஒரு பையன் ரூட்டர் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விட்டிருந்தான். அதற்கும் 201தான்.

அம்பத்தூரிலிருந்து:

நான் மெஷின் ஷாப்பில் வேலை. மேஜையில் வைத்தபோது ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது சிக்னல் பலம், மைனஸ் 52; பூஜ்யத்திலிருந்து தள்ளிப்போகப் போக சிக்னல் மோசம். தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் மைனஸ் 88, அப்புறம் ஆளே காணோம். எவ்வளவு ரீகனெக்ட் எழுதினாலும் தகரத்தைத் தாண்டாது. வெளி ஆன்டெனா மாட்டும் 32யூ மாடலுக்கு மாறி, ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே எடுத்த பிறகுதான் சரியானது. சொந்தமாக போர்டு போடுபவர்கள், போர்டிலேயே செம்புக் கோடாக இருக்கும் பிசிபி ஆன்டெனாவைச் சுற்றி 15 மில்லிமீட்டராவது செம்பு இல்லாமல் விடுங்கள். முதல் போர்டில் ஆன்டெனாவுக்கு அடியில் முழுக்க கிரவுண்ட் செம்பைப் பரப்பி வைத்து நான் பட்டிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து:

அண்ணே, நல்ல வேளை சொன்னீர்கள். எங்கள் சம்ப் மூடி இரும்பு, போர்டு அதற்கு அடியில்தான் தொங்கப்போகிறது. இன்னும் மூடிப் பார்க்கவில்லை. நாளைக்கு முதல் வேலை அதுதான்.